பிரேமலா இரு பதிப்புகளோடு பொருத படலம்

பாலோ நகரைச் சூழ்ந்து நிற்கும் செம்பனைச் சேனைகளே, ஓலை அசைக்காது கேளுங்கள். மேடை கண்டால் கால் நடுங்கும், ஒலிவாங்கி கண்டால் நா உலரும், ஆயினும் கணினிச் சுட்டியைக் கைப்பிடித்தால் எதிர்நிற்பார் இல்லாத பிரேமலா என்னும் வீராங்கனையின் புகழ் பாடப் புகுந்தேன். சொல்லி முடிக்கும்வரை வீட்டில் கரண்ட் போகாமல் காத்தருள்வாய், மின்சாரத் தெய்வமே.

அன்று மாலை ஏழரை மணிக்கு அடுத்த ஊரான யோங் பெங்கின் மண்டபத்தில் அக்காள் ஷாமளாவின் திருமண விருந்து. மறுநாள் அக்காள் கணவனோடு சிங்கப்பூருக்குக் குடிபோகிறாள். நாலு பேர் முன்னே வாய்திறந்து வாழ்த்தத் துணியாத தங்கை, எழுபத்து மூன்று புகைப்படங்களை ஆறு நிமிடக் காணொளியாகக் கோத்து, அது ஓடும்போது அக்காளின் முகத்தைப் பார்த்தே தீருவதெனச் சபதம் பூண்டிருந்தாள்.

வீட்டு மடிக்கணினியில் அரசாண்டதோ காணொளித் தொகுப்பு மென்பொருளின் பழம்பதிப்பு. மூப்பெய்திய, முன்கோபியான, மூச்சிரைக்கும் மன்னன். அவனோடு ஒன்பது நாள் மல்லாடிப் படங்களை அணிவகுத்து நிறுத்தி, பிற்பகல் இரண்டு மணிக்கு ‘திரைப்படமாகச் சேமி’ என்னும் பேராயுதத்தை அவள் ஏவ, தொண்ணூற்றேழு விழுக்காடுவரை வீறுகொண்டேறிய அக்கிழவேந்தன், அடிவயிறு கொதிக்க, விசிறி அலற, வெண்திரை காட்டி உயிர்நீத்தான். மும்முறை ஏவினாள். மும்முறையும் மாண்டான்.

உடனே கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, புதிய பதிப்பை வைத்திருந்த பெரியம்மா மகன் மகேஸ்வரனின் யோங் பெங் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் பாய்ந்தாள். புதிய பதிப்பு பொன்கதவெனத் திறந்தது. உள்ளே படங்கள் நிற்கவேண்டிய எழுபத்து மூன்று கட்டங்களிலும், களத்தில் வீழ்ந்த வீரரைப்போல் எழுபத்து மூன்று சிவப்புப் பெருக்கல் குறிகள் கிடந்தன.

“அலமாக், புரொஜெக்ட் ஃபைல மட்டும் எடுத்தாந்திருக்க,” என்றான் மகேஸ்வரன்.

“அதுலதான அண்ணே எல்லாத்தையும் வச்சேன்.”

“அதுல படம் இருக்காது லா. எது முன்னால, எது பின்னாலன்னு லிஸ்ட்டுதான் இருக்கும். சமையல் குறிப்ப கொண்டாந்து நீட்டி, சாம்பார் ஊத்துன்னு கேக்கிற நீ.”

வீராங்கனை தலைக்கவசம் அணிந்தாள். “சட்டிய தூக்கிட்டே வர்றேன்,” என்று பிரகடனம் செய்து, லாரிக்கூட்டம் பிளந்து பாலோவுக்கு ஓடி, படங்கள் அனைத்தையும் பென்டிரைவில் வாரிக்கொண்டு ஆறு மணிக்கு மீண்டாள். ஒவ்வொரு பெருக்கல் குறிக்கும் அதற்குரிய படத்தை இது, இது என்று காட்டிக்காட்டி உயிர்ப்பித்தாள். புதிய பதிப்போ தமிழெழுத்து அறியாத அந்நிய அரசனாதலால், ‘என் அக்கா’ என அவள் பொறித்திருந்த இடங்களையெல்லாம் வெறுங்கட்டங்களாக்கி இளித்தது. அவற்றையும் ஒன்றொன்றாய் அழித்து, வேறு எழுத்துருவில் மீண்டும் பொறித்தாள். இறுதியில் பேராயுதம் ஏவப்பட, நான்கே நிமிடத்தில் நூறு விழுக்காடு எனும் வெற்றிக்கொடி பறந்தது. அப்போது மணி எட்டேகால்.

எட்டரைக்கு மண்டபம் புகுந்தாள். கேக் வெட்டுமுன் காணொளிக்கென ஒதுக்கியிருந்த நேரம் எப்போதோ கடந்திருந்தது. ஆயினும் நிகழ்ச்சி நெறியாளர் கமலநாதன் பென்டிரைவை வாங்கி, “கவலப்படாத தங்கச்சி, இப்ப ஒரு பத்து நிமிஷம் கேப் இருக்கு, போட்டுறலாம்,” என்று அருளினார். விளக்குகள் அவிந்தன, வெண்திரை ஒளிர்ந்தது, முந்நூறு பேர் கரண்டியைக் கீழே வைத்தனர், ‘என் அக்கா’ என்னும் எழுத்துகள் பிழையின்றிப் பொன்னாய் எழ, கரவொலி கூரையைப் பிளக்க, இரு பதிப்புகளை வென்றவள் நெஞ்சு நிமிர்த்தி மணமேடைப் பக்கம் திரும்பினாள்.

அக்காள் சேலை மாற்றப் போயிருந்தாள்.