நாலாவது கம்பத்து விளக்கு

“டீச்சர், அந்த வெளிச்சம் நேரா எங்க படுக்கிற ரூமுக்குள்ள வந்து விழுது. ரெண்டு நாளா கண்ண மூட முடியல.”

வாசலில் நின்ற மிஸ்ரியாவின் முகம் நன்றாகத் தூங்கி எழுந்த முகமாகத்தான் இருந்தது. அதையெல்லாம் கவனிக்காமல் ஞானபூரணம் டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சங்கரன்கோவில் ஹவுசிங் போர்டு காலனியில் இருபத்து நாலு வருஷமாக இப்படித்தான். குடிதண்ணீர்க் குழாய், குப்பை வண்டி, காலனி வாசலில் நிற்கும் மினி பஸ் எல்லாமே டீச்சர் நடையாய் நடந்து கொண்டுவந்தவை. நாலாவது கம்பத்துக்குப் புது விளக்கு வந்ததும் அப்படியே. போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நகராட்சியில் விளக்கு வேலை பார்க்கும் வேல்சாமி ஏணியோடு வந்தார். விளக்கைக் கிழக்கே திருப்பிவிட்டுப் போனார்.

மறுநாள் எதிர்வீட்டு ஹெலன் வந்தாள்.

“டீச்சர், இப்ப பூச்சி பூரா எங்க வீட்டுக்குத்தான் வருது. சோத்துத் தட்டுல வந்து விழுது.”

டீச்சர் யோசித்து, விளக்குக்குத் தகரத்தில் ஒரு மறைப்பு வைக்கச் சொன்னார். வேல்சாமி வைத்தார். அன்று அடித்த காற்றில் அது தடதடவென்று ஆடியது. விடிந்ததும் காலனிச் சங்கத் தலைவர் கோமதிநாயகம் வந்து நின்றார். விசைத்தறி வைத்திருப்பவர்.

“பகல் பூரா தறிச் சத்தம். வீட்டுக்கு வந்தா இங்கனயும் தறி ஓடுது டீச்சர்.”

“கட்டிரச் சொல்லுதேன்” என்றார் டீச்சர்.

வேல்சாமி கம்பி போட்டு இழுத்துக் கட்டியதில் விளக்கே மேல்நோக்கித் திரும்பிவிட்டது. தெருவில் இருட்டு. வேப்பமரத்துக்குள் மட்டும் பட்டப்பகல். விடிந்துவிட்டதென்று காக்கைகள் ஒரு மணிக்கே கரையத் தொடங்கின.

காலையில் டீச்சர் வீட்டு முன்னால் மூன்று பேரும் சேர்ந்தே வந்து நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு உள்ளே வந்தவர், நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

போன வருஷம் கணவர் டேவிட்சன் இறந்தபோது மூன்று மாதம் யாருக்கும் கதவு திறக்காமல் இருந்தார். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று மிஸ்ரியா வந்து தட்டிய பிறகுதான் மறுபடி வெளியே வந்தார். அன்று பிடித்த ஓட்டம். அதுவும் இப்போது இந்த லட்சணத்தில் வந்து நிற்கிறது.

மதுரையிலிருக்கும் மகள் பெனிட்டாவுக்கு போன் போட்டார்.

“வீட்டப் பூட்டிட்டு அங்கன வந்திருதேன் மக்கா.”

“என்னம்மா, திடீர்னு?”

“இங்கன நான் இருந்து யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்ல.”

அதையே ஒரு தாளிலும் எழுதி, கையெழுத்துப் போட்டு, கோமதிநாயகம் வீட்டில் கொடுக்கக் கிளம்பினார். நாலாவது கம்பத்தில் வேல்சாமி ஏணிமேல் நின்று கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“மொதல்ல இருந்த மாதிரியே வச்சிருதேன் டீச்சர். கையில என்ன லெட்டரு?”

“நான் வெலகிக்கிடுதேன் வேல்சாமி. நான் கை வச்சா எல்லாம் கோளாறாத்தான் ஆவுது. இனிமே வேற நல்ல ஆளாப் பாத்துக்கிடட்டும்.”

சொல்லிவிட்டு டீச்சர் நடக்கத் தொடங்கினார். வேல்சாமி இரண்டிரண்டு படியாக இறங்கினார். தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“டீச்சர், நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதிய. சார் போனப்புறம் நீங்க கதவத் தெறக்காமக் கெடந்தீயல்லா, அப்பவே வீட்டுக்கு ஒரு நாள் ஒங்கள்ட்ட குறை சொல்லணும்னு முறை போட்டுட்டாவ. இன்னைக்கு முறை ரூபியா அக்கா வீடு. பாவம், என்ன குறை சொல்லன்னு தெரியாம காலையிலருந்து முழிச்சிக்கிட்டு இருக்காவ.”