நாலு மூலையிலும் மஞ்சள்

புதிதாக எந்தக் கருவி வந்தாலும், அதைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பது போல நடந்துகொள்ளும் வியாதி எனக்கு உண்டு. அந்த வியாதியால் ஒரு முறை செத்தும் போயிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் மைசூரில் ஓர் ஊதுபத்திக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆபீசுக்கு ஃபேக்ஸ் மெஷின் வந்தது. (முதல் வாரம் முழுக்க நான்தான் அதற்குப் பூ வைத்தேன்.) அதே சமயம் ஹனூரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கமலாவை எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. ஜாதகம் பொருந்துவதுதான் பாக்கி.

"தபால்ல போட்டுடு. மாமா காத்திட்டிருப்பாரு," என்று அம்மா ஜாதக நகலை நீட்டினாள். வழக்கப்படி நாலு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும் குழைத்து அப்பியிருந்தாள்.

தபாலா? நானா? ஹனூர் எஸ்.டி.டி. பூத்துக்கு, மேலே மாமா பெயரை எழுதி, சனிக்கிழமை மதியம் ஃபேக்ஸில் அனுப்பிவிட்டேன். அசந்து போகட்டும் என்று முன்கூட்டி யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மெஷினுக்கு மஞ்சளும் தெரியாது, குங்குமமும் தெரியாது. தெரிந்த நிறம் கறுப்பு ஒன்றுதான். பூத்காரர் ஆள் விட்டு மாமாவைக் கூப்பிட்டுக் கொடுத்த காகிதத்தில் என் பெயர் இருந்தது. மூலைகள் நாலும் கறுத்திருந்தன. மூலையில் கறுப்பு வைத்து வந்தால் சாவுச் செய்தி. யார் என்று மட்டும் பார்த்துவிட்டு அங்கேயே கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மாமா முறை தவறாதவர். கிழித்துவிட்டார்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் இரண்டு ஆட்டோ. முதலில் இறங்கியது ஒரு பெரிய ரோஜா மாலை. (ஜாதகம் அவ்வளவு பொருந்திவிட்டதா?) சட்டை மாற்ற உள்ளே ஓடினேன்.

அதற்குள் அத்தை, "எஞ்சாமி போயிட்டியே" என்று தெருவிலேயே ஆரம்பித்தாள். அம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை. அழுதுகொண்டு வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் முறை. யார் போனது என்பதெல்லாம் அப்புறம். உள்ளே எனக்கு அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கமலாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நானே முடிவுகட்டி, சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி ஓடிவந்து, மாமா காலடியில் தலைகுனிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மாமா யாரென்றுகூடப் பார்க்காமல் என் முதுகைத் தடவினார். "மனசத் தேத்திக்க சாமி. நம்ம கையில என்ன இருக்குது."

பக்கத்து வீட்டு கௌடர் சுவருக்கு மேலே எட்டி, போனது யாரென்று கன்னடத்தில் கேட்டார்: "யாரு ஹோதுரு?"

"நம்ம செல்வராஜுங்க," என்றார் மாமா.

என் பெயரைக் கேட்டதும் எனக்கு இன்னும் துக்கம் பொங்கியது. (நல்ல பையன்.)

"இவ்ரே அல்வா செல்வராஜு?" என்றார் கௌடர், இவர்தானே அது என்று என்னைக் காட்டி.

அழுகை நின்றது. மாமா மாலையோடு குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "ஏந்தம்பி, நீ செத்துத்தான போயிட்ட?" என்றார், கொஞ்சம் கோபமாகவே. "காயிதம் வந்துச்சே."

ஆட்டோவுக்குப் பின்னால், அழுது வீங்கிய கண்ணோடு, வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தி சிரித்தாள். கமலா.

ஜாதகத்தை மாமாவே கையோடு எடுத்துப்போனார். பொருந்தியது. இன்று வாட்ஸ்அப்பில் பேரன் படம் அனுப்பினாலும், நாலு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் அவர் நடுவுக்கு வருவார்.

எப்போதாவது சண்டையில் நான், "நான் போனப்புறம் தெரியும் என் அருமை," என்று ஆரம்பித்தால், கமலா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்:

"உங்களுக்கு அழ வேண்டியதெல்லாம் ஹனூர்லருந்து மைசூர் வரைக்கும் பஸ்லயே அழுது முடிச்சாச்சுங்க. இன்னொரு வாட்டி என்னால ஆகாது."