பூதத்தின் காதுக்கு அஞ்சிய பொலியர்

மட்டக்களப்பு நாட்டில் பூதத்துக்கு அஞ்சியவர் பலர். பூதத்தின் காதுக்கு அஞ்சியவர் எங்கள் பொலியர் ஒருவரே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கரடியனாற்று வட்டை என்னும் வயல்வெளியில் எங்கள் வயலுக்கு அவர்தாம் தலைமை வேலையாள். அறுத்த கதிரை மாடுகட்டிச் சூடு மிதிக்கும் களத்தில் ஊர்ப்பேச்சு ஆகாது. நெல்லை நெல் என்று சொன்னால் பூதங்கள் கேட்டுவந்து வாரிச் சென்றுவிடும் என்பது நம்பிக்கை. ஆகவே அங்கே நெல் 'பொலி' ஆகும். வைக்கோல் கிளறும் கவைக்கம்பு 'வேலைகாரன்' ஆகும். நாத் தவறியவர் களவேலை முடியும்வரை எல்லைக்கு வெளியே நிற்கவேண்டும். பிறருக்கு இது வழக்கம், பொலியருக்கு விரதம். அப்பெயரும் அதனால் வந்ததே.

ஒருமுறை அரசாங்க ஊர்த்தலைவரான விதானையார் குடையோடு களத்துக்குள் நுழைந்து, நெல் எத்தனை மூட்டை தேறும் என்று விசாரித்தார். பொலியர் வணங்கினார், வணங்கியபடியே அவரை வெளியே நடத்திச் சென்று மரத்தடியில் இருத்தினார். "அரசாங்கம் கொஞ்சம் வெளியில இருக்கட்டும்."

களம் முடிந்த பின்னும் அவர் நா ஊருக்குத் திரும்ப ஒரு வாரம் செல்லும். ஏறாவூர்க் கடையில் வேண்டியதை விரலால் சுட்டி நிற்பார். பூதமெல்லாம் உறங்கிவிட்டது, வாய்திறந்து கேட்கலாம் என்பார், அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கப்படும் முஸ்லிம் கடைக்காரர்.

"ஒண்டு ரெண்டு முழிச்சிருக்கும் காக்கா."

அத்தகையவர் முன்னே ஒருநாள் காலை, பள்ளி விடுமுறையில் வந்த இளம் ஆசிரியனான நான், குவியலருகே வெறுங்காலோடு நின்றேன். வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு நாகம் என் குதிகாலை நோக்கி வந்தது. நான் காணவில்லை, எதிரே நின்ற பொலியர் கண்டார். அவர் வாய் திறந்தது, ஒலி வரவில்லை. களப்பேச்சில் பாம்புக்குச் சொல்லே கிடையாது. முன்னோர் எல்லாவற்றுக்கும் பெயரிட்டு, இதனை மட்டும் மறந்திருந்தனர். ஒருபுறம் அவருடைய ஓராண்டுப் பாடு குவிந்து கிடந்தது. மறுபுறம் என் குதிகால்.

"தம்பி, பாம்பு. அசையாத."

நாகம் என் பாதத்தின்மேல் ஏறியிறங்கி வயல் வரம்புக்குப் போயிற்று. பொலியர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, எவரும் சொல்லாமலே எல்லைக்கு வெளியே போய் வெயிலில் நின்றார். உள்ளே வரும்படி மன்றாடினேன்.

"சட்டம் எனக்கும் சேத்துத்தான் தம்பி. நீங்க உள்ளுக்குப் போய்ப் பொலியப் பாருங்க."

அரவம் பூண்ட பெருமானைப் பாட வாயெடுக்கும்போதெல்லாம், இன்றும் எனக்கு முதலில் தோன்றுவது திருநீலகண்டம் அன்று. வெயிலில் வெறுந்தலையோடு நின்ற அந்த மனிதரின் முகம். பெருமானும் இதனைப் பொறுத்துக்கொள்கிறார் போலும்.