அம்மியோடு எல்லை தாண்டியவர்

அம்மியை முதுகில் கட்டிக்கொண்டு காற்று வாங்கப் போன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் செங்கல்பட்டுக்காரர். ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலி. பெயரையே மறந்துபோய் எல்லோரும் ‘அம்மி அண்ணாத்த’ என்றுதான் கூப்பிட்டோம்.

அவர் மனைவி கமலம்மாவுக்குச் சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப் போய்விட்டது. கண்மூடுவதற்குள் நேபாளத்து முக்திநாதரைச் சேவித்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஒரே ஆசை. அங்கேயோ பல நாள் மலையேற வேண்டும்.

“டோலிக்காரன் கிடைப்பானே அண்ணாத்த” என்றேன்.

“என் பொண்டாட்டி, ஊரான் தோள்ல எதுக்குப்பா?” என்று முறைத்தார்.

தாமே சுமப்பதென்று முடிவு. பழகுவதற்கு வீட்டு அம்மியைக் கோணிப்பையில் போட்டு முதுகில் ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரை வரை நடைதான். அங்கே ஒரு சிற்பி உளியையே கீழே வைத்துவிட்டார்.

“இன்னா அண்ணாத்த, கல்லு கொத்துற ஊருக்கே கல்லு தூக்கினு வர்றே?”

நடந்து நடந்து அவர் கால் தேறிவிட்டது. தைரியம்தான் தேறவில்லை. காக்கிச் சட்டையைக் கண்டால் அண்ணாத்தைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“நேபாளம் வேற தேசம்பா. எல்லையில சோதன போடுவானுங்க. அதுக்கும் பழகிக்கணும்.”

அப்போது பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது; அங்கிருந்து தங்கம் கடத்துகிறார்களா என்று எல்லையில் சோதனை உண்டு. பஸ்ஸில் போய், எல்லைக்கு முன்னாலேயே இறங்கி, அம்மியோடு நடந்தோம். துணைக்கு நான், என் தலையெழுத்து. போகும்போது ஒருவரும் கேட்கவில்லை. திரும்பும்போது நம்மூர் ஜவான் மறித்தான்.

“பையில இன்னா?”

“அ... அம்மி.”

“அம்மிக்குள்ள இன்னா?”

அண்ணாத்தைக்கு வியர்த்துக் கொட்டியது. “அது... என் சம்சாரம் சார்!”

ஜவான் என்னைப் பார்த்தான். நான் தென்னைமரத்தைப் பார்த்தேன்.

“தங்கத்த உள்ள வெச்சிகினு பேஜாரு பண்றியா?” என்று அம்மியைப் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

வீட்டில் பூகம்பம். “இனிமே தொவையல எதுல அரைக்கிறது, உன் மண்டையிலயா?” என்றார் கமலம்மா. “நட, நானே வந்து கேக்கறேன்.”

அடுத்த ஞாயிறு பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டுக் கணவர் முதுகில் ஏறிக்கொண்டார். அண்ணாத்த நிற்காமல் நடந்து ஜவானுக்கு எதிரே போய் நின்றார். நாக்கு ஒட்டவில்லை.

“சார், சம்சாரம் இதான். அன்னிக்கி வந்தது ஒத்திகை.”

முதுகிலிருந்தபடியே கமலம்மா விரலை ஆட்டினார். “அம்மிய எடுய்யா! உள்ள தங்கம் கீதான்னு ஒடச்சுப் பாத்தியா?”

ஜவான் எழுந்து தன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அம்மியைத் தானே தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றினான். அதில் புதிதாய் அரைத்த பச்சைமிளகாய் வாசனை அடித்தது. நாங்கள் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

முக்திநாத் போனார்கள், சேவித்தார்கள், திரும்பி வந்தார்கள். ரயில் ஸ்டேஷனில் கமலம்மாவை பெஞ்சில் இறக்கி உட்கார வைத்தவரிடம், “எது அண்ணாத்த கனம்?” என்று காதோடு கேட்டேன்.

“அம்மிதாம்பா. அது வழியெல்லாம் ஒரு வார்த்த பேசலியே.”

சொல்லிவிட்டு, வாசலில் நின்ற குதிரை வண்டி வரைக்கும்தான் என்றாலும், மறுபடி அந்த அம்மாளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார்.