அக்கா பிறந்தபோது சூரியன் எங்கே நின்றது?

சொந்த அக்காவின் கல்யாணத்தை ஒரு கணினியை வைத்துப் பத்தே நிமிடத்தில் குழப்ப உங்களால் முடியுமா? என்னால் முடிந்தது. அதுவும் யாரும் கேட்காமலே, பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு.

அப்போது நான் வந்தாறுமூலைக் கம்பஸில் பௌதிகவியல் இரண்டாம் வருடம் (அதாவது, உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று மனிதன் நினைக்கும் வருடம்). வீட்டுக் கணினியில் வானத்தைக் காட்டும் மென்பொருள் ஒன்றை இலவசமாக இறக்கி வைத்திருந்தேன். ஊரையும் திகதியையும் நேரத்தையும் கொடுத்தால் போதும், அந்த நிமிடத்து வானம் அப்படியே திரையில் விரியும். எங்கள் ஊர் ஆரையம்பதிக்கு மேலே இருக்கும் வானத்துக்கு நான்தான் மேனேஜர் என்கிற மாதிரித் திரிந்தேன்.

அக்காவைப் பார்க்கத் தேற்றாத்தீவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள், இரண்டு வருடமாக மனம் ஒத்தவர்கள். மிச்சம் இருந்தது மாப்பிள்ளையின் அம்மா சம்மதித்துச் சொல்லும் ‘ஓம்’ மட்டும்தான். அந்த மாமிக்குச் சாதகம் பொருந்த வேண்டும், அதுவும் பொருந்திவிட்டது. அக்கா காலையிலேயே என்னைப் பிடித்து, "டேய், இண்டைக்கு மட்டும் வாயத் துறக்காத" என்று சொல்லியிருந்தாள்.

திறந்தேன்.

மாமி சாதகக் குறிப்பைக் கையில் எடுத்ததுதான் தாமதம், "கட்டத்தில என்ன மாமி இருக்கு, அக்கா பொறந்த நேரத்து வானத்தையே காட்டுறன், வாங்க" என்று கணினிக்கு முன்னால் கதிரை போட்டேன். குறிப்பில் இருந்தபடி அடித்தேன். பங்குனி மாதம், காலை ஆறு இருபது. திரையில் கிழக்கே கும்பம் எழும்பிக்கொண்டிருந்தது. குறிப்பிலோ மீன லக்கினம்.

"சாத்திரியார் பிழை விட்டிருக்கார் மாமி. லக்கினம் கும்பம்." (கைதட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.)

மாமி விரல் விட்டு எண்ணினார். "அப்ப லக்கினத்தில நிண்ட செவ்வாய் ரெண்டாம் இடத்துக்குப் போகுது. இது செவ்வாய் குற்றம் எலுவா? என்ட மகனுக்கு அது இல்லையே."

"இல்ல மாமி, செவ்வாய் அசையல்ல, கட்டம் மட்டும்தான்..."

"விளங்குது மனே. நீ நல்லாத்தான் காட்டினாய்."

மாமி கைப்பையை எடுத்தார். அம்மா தேத்தண்ணித் தட்டோடு வாசல்படியிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளை எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் பாதியில் தொங்கினார். என் வாழ்க்கையில் முதல்தடவையாக, கரண்ட் போக வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டேன்.

அக்கா வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

"அம்மா, நான் பொறக்கக்குள்ள வெயில் வந்திட்டெண்டு எலுவா சொல்லுவீங்க?"

"ஓம் புள்ள. யன்னலுக்குள்ளால வெயில் அடிச்சது."

"அப்ப இவன்ட படத்தில ஏன் இருட்டாக் கிடக்கு?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். ஆறு இருபதுக்கும் சூரியன் அடிவானத்துக்குக் கீழேதான் கிடந்தது.

"டேய் விஞ்ஞானி, நான் எங்க பொறந்தன்?"

"படுவான்கரையில. பெரியம்மா வீட்ட."

"அங்க அப்ப என்ன நேரம் ஓடினது?"

உறைத்தது. யுத்தம் நடந்த அந்த வருடங்களில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் நாட்டு மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை அப்போது அரசாங்கத்தின் கையில் இல்லை, இயக்கத்தின் கையில். அங்கே பழைய நேரம்தான். தோணியில் கடந்து போகிறவர்கள் அக்கரையில் இறங்கியதும் மணிக்கூட்டைத் திருப்புவார்களாம். என்னுடைய மென்பொருளோ சொல்லாமலே அரசாங்க நேரத்தை எடுத்துக்கொள்ளும் கெட்டிக்காரன். ஒரு வாவிக்கு இரண்டு பக்கமும் இரண்டு நேரம் ஓடும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? அம்மா பார்த்தது பெரியம்மா வீட்டுச் சுவர் மணிக்கூடு.

அக்கரையின் ஆறு இருபது அரசாங்க நேரத்தில் ஆறு ஐம்பது; அப்படியே மாற்றினேன். திரையில் சூரியன் வெளியே வந்தது, நீலம் பரவியது, கும்பம் மேலே ஏற மீனம் அடிவானத்துக்கு வந்தது. சாத்திரியார் எழுதியது அச்சொட்டாகச் சரி.

மாமி கைப்பையைக் கீழே வைத்தார். "வெயில வச்சுப் புடிச்சிட்டாளே. இந்தப் புள்ளதான் எனக்கு வேணும்." பிறகு என்னைக் காட்டி, "இவன மட்டும் கலியாண வேலைக்கு விட்டிராதீங்க கா" என்று அம்மாவிடம் சொன்னார்.

வெட்கம்தான். ஆனால் அதைவிடப் பெருமைதான் கூட, மறைக்க மாட்டேன். சாதகத்தை நான் இன்றைக்கும் நம்புவதில்லை. ஆனால் அம்மாவின் ஞாபகத்தில் இருந்த வெயிலை என் கணினி நிமிடம் பிசகாமல் கொண்டுவந்து காட்டியதே. அதைவிட, நான் கவனிக்காத சூரியனை அக்கா ஒரே பார்வையில் கவனித்தாள். அவளைப் பற்றிக் கம்பஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன் (என் பங்கைக் கொஞ்சம் சுருக்கித்தான்).

கல்யாணம் முடிந்து மூன்று வருடமாகியும் அத்தான் விடுகிறார் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு நான் பதில் சொன்னால், உடனே முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "மச்சான், இது இக்கரை நேரமா, அக்கரை நேரமா?" வீடே சிரிக்கும். அம்மாதான் எல்லாரையும்விடக் கூடச் சிரிப்பார்.

இதை நான் போனில்தான் அடிக்கிறேன். கணினிக்கு முன்னால், விருந்துக்கு வந்த மாமி இருக்கிறார், வியாழனைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு.