முப்பத்தாறு பவுண்டு காத்து

வண்டியின் பின் சக்கரத்தில் இருபத்துநாலு பவுண்டு காற்றுதான் இருக்கிறது என்று தெரிந்த அன்று, கிளைவ் பெண்டர்காஸ்ட் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

முப்பத்தாறு இருக்க வேண்டும். கதவோரத்தில் கம்பெனிக்காரனே அச்சடித்து ஒட்டியிருக்கிறான். ஆஸ்திரேலியாவில் செடூனா தானியக் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் கோதுமை லாரிகளை எடை போட்டு ரிட்டயரானவர் கிளைவ். ஒரு கிலோவுக்காக விவசாயிகளோடு மல்லுக்கு நின்றவர். அவர் வீட்டு வண்டியிலேயே பன்னிரண்டு பவுண்டு காணோம்!

"நோரீன்! நான் முதுகு வலின்னு படுத்திருந்த ஒரு மாசமும் நீதானே வண்டிய ஓட்டின? டயர்ல காத்தே இல்ல!"

"ஓடிச்சே."

"ஓடிச்சா? நூத்திப் பத்துல போறப்ப வெடிச்சிருந்தா?"

"உன்னைத் தவிர இங்க எதுவும் வெடிக்கல, கிளைவ்."

விஷயம் அதோடு நிற்கவில்லை. போர்ட் லிங்கனில் நோரீனின் தங்கைக்கு அறுபதாவது பிறந்தநாள். நானூறு கிலோமீட்டர். இந்தத் தடவை தான்தான் ஓட்டுவேன் என்று நோரீன் பிடிவாதமாக இருந்தாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் நெடும்பயணத்தில் ஸ்டியரிங்கை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை.

"டயரைக் கவனிக்கத் தெரியாதவளுக்கு ஸ்டியரிங் எதுக்கு?" என்றார்.

"சரி. நாலு வாரம் டயர் என் பொறுப்பு. சனிக்கிழமை காலைல நீயே வந்து பாரு. நாலு தடவையும் முப்பத்தாறு இருந்தா நான் ஓட்டுறேன். ஒரு தடவை தப்பினாலும் நீ ஓட்டு. ஆனா காத்து அளக்குற கேஜ் என்கிட்டதான் இருக்கும்."

கிளைவ் சந்தோஷமாகக் கை கொடுத்தார். ஒரே வாரத்தில் மறந்துவிடுவாள்.

முதல் சனிக்கிழமை நாலு டயரும் முப்பத்தாறு. இரண்டாவது சனிக்கிழமையும் அப்படியே.

"வண்டி ஓட்டின சூட்டோட பார்த்தியா?" என்று கேட்டு மடக்கப் பார்த்தார்.

"சூட்டுல பார்த்தா கூடக் காட்டும். விடியக்காலைல டயர் ஆறினப்புறம்தான் பார்த்தேன். நீதானே சொல்லிக்குடுத்த?"

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கற்றுக்கொடுத்ததையே அவர் முகத்தில் வீசுகிறாள்!

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், நோரீன் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கிளைவ் ஓர் ஆணியோடு வேலிப் பக்கமிருந்த பின் சக்கரத்துக்கு எதிரில் குந்தினார். சமையலறை ஜன்னலுக்குத் தெரியாத சக்கரம் அது ஒன்றுதான். வால்வு மூடியைத் திருகி எடுத்து, ஆணியால் உள்ளே அழுத்தி, இருபது எண்ணினார். உஸ்ஸ்ஸ். இது ஏமாற்று இல்லை, பரீட்சை. கிடங்கிலும் பரீட்சை வைக்காமல் யாரையும் தராசு வேலைக்கு விட்டதில்லை.

வேலிக்கு மேல் பக்கத்து வீட்டு வெர்னின் தலை முளைத்தது.

"டயர்கிட்ட என்னடா ரகசியம் பேசுற?"

"கல்லு மாட்டிக்கிச்சு."

"கல்லு உஸ்ஸுன்னு கத்துமா?"

"உன் வேலையப் பாரு, வெர்ன்."

மறுநாள் காலை: முப்பத்தாறு. கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். தனக்கு முன்னாலேயே எழுந்து எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்த்திருக்கிறாள் என்று புரிந்தது. கட்டின புருஷன் மேல் இவ்வளவு அவநம்பிக்கையா! அன்று முழுக்க அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாலாவது சனிக்கிழமை. அன்றே பிறந்தநாள் பயணம். கிளைவ் இப்போது உஷாராகிவிட்டார். ஆறு மணிக்கு நோரீன் கேஜும் கால் பம்புமாக வண்டியைச் சுற்றி வருவதை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். அவள் உள்ளே வந்து கெட்டிலைப் போட்டதும், செருப்புக் காலோடு நழுவினார். அதே சக்கரம். அதே ஆணி. அதே இருபது. திரும்பி வந்து, டீயை ரசித்துக் குடித்தார்.

எட்டு மணிக்குப் பரிசோதனை. முதல் மூன்று டயர்களையும் தாராளமாகப் பாராட்டினார். நாலாவதில் கேஜை வைத்தார்.

முப்பத்தாறு.

கேஜைத் தட்டினார். ஊதினார். மறுபடி வைத்தார். முப்பத்தாறு.

"இது கெட்டுப்போச்சு!"

"கெட்டிருந்தா மத்த மூணு டயர்ல எப்படிச் சரியாக் காட்டிச்சு?"

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வெர்ன் தன் வீட்டு கேஜை வேலிக்கு மேல் நீட்டினார். அதுவும் முப்பத்தாறு. கிளைவின் காது சிவந்தது.

"அநியாயம்! அது எப்படி முடியும்? நான் இருபது எண்ணுற வரைக்கும் அமுக்கி..."

நிறுத்தினார். கொஞ்சம் தாமதமாகத்தான் நிறுத்தினார். வெர்ன் வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

நோரீன் சிரிக்கவில்லை. "போன வாரம் இந்த டயர் முப்பதுக்கு இறங்கியிருந்துச்சு. ஆறு பவுண்டு போயிருக்குன்னு புரிஞ்சிச்சு. யாருன்னு வெர்ன் சொன்னான். அதான் இன்னிக்கு நாப்பத்திரண்டு அடிச்சு வச்சேன்."

"நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்? அதுவும் சரியா ஆறுதான் எடுப்பேன்னு?"

"முப்பத்தோரு வருஷம் எடை போட்ட கை. கூடவும் எடுக்காது, குறையவும் எடுக்காது."

புகழ்கிறாளா, திட்டுகிறாளா என்று யோசித்து முடிப்பதற்குள், சாவி அவள் கைக்குப் போயிருந்தது. அவர் இடது பக்கம் ஏறினார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கைகளைக் கட்டி, நாலு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று முடிவு செய்தார்.

நோரீன் கண்ணாடியைச் சரிசெய்து, கியரைப் போட்டாள்.

"கிளைவ், அந்த ஆணிய எடுத்துக்கிட்டியா? தங்கச்சி வண்டியில எல்லா டயர்லயும் காத்து கூட இருக்காம்."