கப்பலை நிறுத்திய வேட்டி

"ஓடற கப்பலை வேட்டியைக் காட்டி நிறுத்தினவன், இந்த ஐரோப்பாவிலேயே நான் ஒருத்தன்தான்!"

பார்த்தசாரதி இப்படிச் சொன்னதும் மகன் கிரிதர் கண்ணை மூடிக்கொண்டான். மருமகள் மதுமதி, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே "அடுப்புல ஏதோ தீயறது" என்று சமையலறைக்குள் ஓடினாள். எதிர் சோபாவில் இருந்த கிருஷ்ணமூர்த்தி மட்டும் சிரித்தார். சிரித்த வேகத்தில் சோபா ஒரு சாண் பின்னால் போனது.

கிருஷ்ணமூர்த்தி, கிரிதரோடு வேலை பார்க்கும் விஷாலின் அப்பா. சீஃப் இன்ஜினீயராக ஓய்வு பெற்றவர். கோடைக்கு மகனிடம் வந்தவர், வந்த வாரமே மியூனிக் தமிழ்க் குடும்பங்களின் சுதந்திர தின விழாவுக்குத் தலைவராகிவிட்டார். மேடையில் யார் பேசலாம், யார் கை தட்டினால் போதும் என்பதெல்லாம் அவர் கையில்.

பார்த்தசாரதிக்கு அந்த மைக் வேண்டும். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். வாழ்நாளெல்லாம் வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து வந்த மனிதர். பேச்சுத் துணைக்கு ஒரு விசில், இரண்டு கொடி. அங்கே பேசாமல் சேர்த்துவைத்த பேச்சு முழுவதும் இப்போது தொண்டையில் வந்து நிற்கிறது. தலைப்புகூடத் தயார்: 'சிக்கனமாக வெனிஸ்.'

"மேடையில கதை விடக் கூடாது சார், குழந்தைங்க இருப்பாங்க" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "நீங்க போன அதே சனிக்கிழமை நானும் வெனிஸ்லதான் இருந்தேன். ப்ரைவேட் ஸ்பீட்போட்ல. வேட்டிக்கு நின்ன கப்பல் எதையும் நான் பார்க்கலை. ஒரே ஒரு சாட்சி கொண்டாங்க, மைக்கை உங்க கையில கொடுத்துடறேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பாமா, விட்டத்தைப் பார்த்து இருமினாள்.

"என் ஆத்துக்காரியே சாட்சி! கேளுங்கோ!" என்று ஆரம்பித்துவிட்டார் பார்த்தசாரதி.

வெனிஸுக்கு ராத்திரி பஸ்ஸில் போய், பகலெல்லாம் சுற்றி, அன்றைக்கு ராத்திரி பஸ்ஸிலேயே திரும்புவது என்பது அவர் போட்ட திட்டம். தூக்கம் பஸ்ஸில் என்றால் ஓட்டல் எதற்கு? சாப்பாடு, மனைவி சாந்தா கிளறிய புளியோதரை; நாலடுக்கு எவர்சில்வர் கேரியரில். அதை மேலும் ஒருநாள் வைத்திருந்தால் ஊறி, ருசியில் இத்தாலியே எழுந்து வந்திருக்கும்.

கோண்டோலாப் படகுக்காரன் சொன்ன கூலியைக் கேட்டு, "படகையே விலைக்குச் சொல்றான்போல" என்றார் பார்த்தசாரதி. ஆனால் அதே கோண்டோலா, பெரிய கால்வாயின் இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சில்லறைக் காசுக்கு ஆளேற்றுவதைக் கண்டுபிடித்துவிட்டார். நின்றுகொண்டே போகவேண்டும். சாந்தா புடவைத் தலைப்பைச் சரிசெய்வதற்குள் அக்கரை வந்துவிட்டது.

"ஆச்சு. கோண்டோலா பார்த்தாச்சு" என்றார்.

"எங்கே பார்த்தேன்? கண்ணைத் திறக்கறதுக்குள்ள இறக்கிவிட்டுட்டேள்."

ஆகவே திரும்பவும் ஏறினார்கள். அங்கும் இங்குமாக அவர்கள் போய்வந்ததில், அன்றைக்குப் படகுக்காரனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது.

அப்புறம் பயணிகள் படகுக்கு ஒருநாள் பாஸ் எடுத்துத் தீவுகள். முரானோவில் கண்ணாடி ஊதுவதை வேடிக்கை பார்த்தார்கள். கடைக்குள் தள்ளுவதற்குள் பின்வாசல் வழியாக வெளியே வந்தார்கள். அடுத்து புரானோ. வீட்டுக்கு வீடு மஞ்சளும் நீலமும் கிளிப்பச்சையுமாய், நவராத்திரிக் கொலுவைத் தண்ணீர் நடுவில் வைத்தமாதிரி ஊர். கால்வாய் ஓரமாக உட்கார்ந்து பாதிப் புளியோதரையைக் கையால் பிசைந்து சாப்பிட்டார்கள்.

வினை அங்கேதான் வந்தது. கை கழுவ வேண்டும்.

"பாட்டில் தண்ணி இருக்கேன்னா" என்றாள் சாந்தா.

"அது குடிக்க. எதிர்ல இவ்வளவு தண்ணி சும்மா கிடக்கறது!"

கால்வாய்ப் படியில் காலை வைத்தார். படியெல்லாம் பாசி. அடுத்த கணம், இடுப்பளவு தண்ணீரில் எண்ணெய்க் கையை உயர்த்தியபடி அட்ரியாட்டிக் கடலுக்கே ஆசி வழங்குபவர்போல நின்றார்.

பேன்ட் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. பஸ்ஸில் போர்த்திக்கொள்ளக் கொண்டுவந்த வேட்டியைக் கட்டிக்கொண்டார். அந்த ஊரில் வீதிக்குக் குறுக்கே கொடி கட்டித் துணி உலர்த்துவது வழக்கம். யார் வீட்டுக் கொடியோ, ஒரு போர்வைக்கும் தலையணை உறைக்கும் நடுவில் பேன்ட்டைத் தொங்கவிட்டார். "வெயில் சும்மா காயறது பார், அதையும் உபயோகப்படுத்திக்கணும்" என்று சொல்லிவிட்டு நிழலில் சாய்ந்தார். கண் செருகியது.

விழித்தபோது கொடி காலி. வீட்டுக்காரி போர்வையோடு பேன்ட்டையும் மடித்து உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

"எந்த வீடு?" என்றாள் சாந்தா.

"மஞ்சள் வீடு."

"ஆரஞ்சுன்னா."

அந்த வீதியில் மஞ்சளும் ஆரஞ்சும் தவிர வேறு நிறமே கிடையாதுபோலத் தோன்றியது. கதவு கதவாகத் தட்டி, வேட்டியைத் தொட்டுக் காட்டி, தொடையைத் தட்டிக் காட்டி, "பேன்ட், பேன்ட்" என்றார். இரண்டு கதவுகள் படாரென்று மூடின. மூன்றாவது வீட்டுக் கிழவர் நாயை அவிழ்க்கப் போனார். படகுப் பாஸும் பர்ஸும் பேன்ட் பையில். பாஸ்போர்ட் சாந்தாவின் கைப்பையில் இருந்தது கடவுள் செயல்.

பாஸ் இல்லாமல் பயணிகள் படகில் ஏற கார்டு மனசு ஒப்பவில்லை. "டிக்கெட் இல்லாதவனை இறக்கிவிட்டவன்டீ நான்!" அதனால் ஒரு மீன்காரரைக் கெஞ்சி, அவருடைய மோட்டார் படகில் ஏறினார்கள். "வெனிஸ்" என்று கையைக் காட்டினார். அவரும் தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு குட்டித் தீவில் படகைக் கட்டிவிட்டு, மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு, ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் போகவேண்டிய ஊர் அதுதான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மியூனிக் பஸ் போய்விட்டால் அடுத்தது அடுத்த வாரம். தீவில் ஒரு மரத்துறை, சில முட்செடிகள், கோடிக்கணக்கான கொசுக்கள்.

அப்போதுதான் தூரத்தில் அந்தக் கப்பல் வந்தது. வெள்ளை வெளேரென்று, மாடி வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு, ஊர்ப்பட்ட கூட்டத்தோடு.

"சிவப்புக் கொடி இல்லேன்னா, எந்தத் துணியை மூர்க்கமா ஆட்டினாலும் வண்டி நின்னே ஆகணும். ரயில்வே ரூல்!" என்று கத்திவிட்டு, பார்த்தசாரதி இடுப்பு வேட்டியை உருவினார். பட்டாபட்டி டிராயரோடு துறையின் நுனியில் குதித்துக் குதித்து ஆட்டினார். பக்கத்தில் சாந்தா கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கப்பல் தாண்டிப் போனது. போன கப்பல் நின்றது. நின்ற கப்பல் திரும்பி வந்தது!

"வரவேற்புன்னா வரவேற்பு, அப்படி ஒரு வரவேற்பு!" என்று கதையை முடிவுக்குக் கொண்டுவந்தார் பார்த்தசாரதி. "ரெண்டு மாலுமி ஓடிவந்து, ஆளுக்கு ஒரு கையா என்னைத் தாங்கிண்டா. கரை சேர்ற வரைக்கும் விடலையே! போர்வை போத்தி, சர்க்கரைத் தண்ணி குடுத்து, ஒரு பொம்மனாட்டி என் தலையைக்கூடத் தடவிக் குடுத்தா. நம்மூர்ல மந்திரிக்குக்கூட இந்த மரியாதை கிடையாது. ஒரே ஒரு நஷ்டம். கப்பல் பெஞ்சில வச்ச கேரியரைக் கரையில திறந்தா, மிச்சப் புளியோதரை சுத்தமாக் காலி. கழுகு சைஸ்ல கடல் பறவை அங்கே! மூடியைத் திறந்து தின்னுட்டு, திரும்ப மூடி வச்சுட்டுப் போயிருக்கு!"

"மூடியை மூடி வச்ச பறவை!" கிருஷ்ணமூர்த்தி தொடையில் தட்டினார். "மாமி, நீங்க சொல்லுங்க. கப்பல் வேட்டிக்கா நின்னுது?"

"எனக்கென்ன தெரியும்? இவர் வேட்டியை அவுத்ததும் கண்ணை மூடினவ, பஸ் ஏறினப்புறம்தான் திறந்தேன்."

சாட்சி அதோடு போயிற்று.

"அப்பா, விடுங்கோப்பா. விழால கை தட்டினாப் போறும்" என்றான் கிரிதர்.

பார்த்தசாரதி பதில் பேசவில்லை. பேசாத பார்த்தசாரதியை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை; சாந்தாவுக்கே பயமாகிவிட்டது. எழுந்து உள்ளே போய், தட்டுகளில் புளியோதரை எடுத்துவந்தாள். முதல் தட்டைக் கிருஷ்ணமூர்த்தியிடம் நீட்டினாள்.

"நீங்க சாப்பிடுங்கோ. இவர் கிடக்கார். எனக்கு அந்தப் பறவையை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. எத்தனை நாள் பட்டினியோ, அவ்வளவையும் தின்னிருக்கே. வயிறு நிறைஞ்சிருந்தாச் சரி."

கிருஷ்ணமூர்த்தி ஒரு வாய் போட்டார். மென்றார். பாமா முழங்கையால் அவர் விலாவில் ஒரு இடி இடித்தாள்.

"சொல்லித் தொலைங்களேன்."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டு பேசினார். "நடந்தது சார். எல்லாம் நடந்தது."

"எது?" என்றார் பார்த்தசாரதி.

"ஸ்பீட்போட் எல்லாம் இல்லை. அந்தக் கப்பல்லதான் நாங்களும் இருந்தோம், குரூப் டூர். ஆனா அது உங்க வேட்டிக்கு நிக்கலை. 'அது என் அண்ணன், புத்தி சுவாதீனம் இல்லை, தண்ணில குதிக்கப் போறான்'னு நான்தான் கேப்டன் காலைப் பிடிச்சேன்."

"எதுக்குய்யா?"

கிருஷ்ணமூர்த்தி நிமிர்ந்து சாந்தாவைப் பார்த்தார்.

"வந்ததுலேர்ந்து வெறும் பீட்சா, மாமி. உங்க கையில கேரியர் பளபளன்னு தெரிஞ்சுது... உப்பு மட்டும் அன்னிக்குக் கொஞ்சம் கம்மி."